ஏழாவது தலைக்குத்தான் கவலையாம்

ஏலே பேராண்டி, நெலம் வாங்கிட்டியாமே! டாலஸுக்கு வடகிழக்க, ஃபேனின் கவுண்டியில இருபது ஏக்கர். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஃபிரிஸ்கோவுல கம்ப்யூட்டர். சனிக்கிழமை ஆனா தலையில தொப்பி, கால்ல பூட்ஸு. சொத்து வரி கொறையணும்னு மூலையில தேனீப் பொட்டி வேற. தேன் வடியுதோ இல்லியோ, வரி வடியும். கெட்டிக்காரன்தான்.

மண்ணையும் விசாரிச்சுட்டேன். கரிசலாம்ல! ரெட் ரிவர்ல ஆரம்பிச்சு டாலஸ், வேக்கோ, ஆஸ்டின்னு சான் ஆன்டோனியோ வரைக்கும் ஒரே கரிசக்காடாம். கோவில்பட்டியில பொறந்தவன் ஏழு கடல் தாண்டிப் போயி மறுபடி கரிசல்ல காலை வச்சிருக்கே. இதை விட்டு ஓடத்தானலே அம்புட்டுப் படிச்சே?

அது கெடக்கட்டும். அந்த நெலத்துக்குள்ள ஒரு கம்மா இருக்குன்னாங்க. நீ அதை 'லேக்'குங்கே. ட்ரோனைப் பறக்க விட்டுப் படம் புடிச்சு அனுப்பினே. பாத்தேன். தண்ணி இருக்கு. மரத்துல மேடை இருக்கு. மேடையில ரெண்டு நாற்காலி, அதுல நீயும் உன் வீட்டுக்காரியும். பின்னால அந்தி வெயிலு. கரையை மட்டும் காணோம். கேட்டா, "அது பாக்க லட்சணமா இல்ல தாத்தா, படத்துல இருந்து வெட்டிட்டேன்"ங்கே.

அங்கதான்லே இடிக்கி. நீ தண்ணியை வாங்கல, கரையை வாங்கியிருக்கே. தண்ணி மழை போட்ட பிச்சை. கரைதான் உன் சொத்து. இருபதடி ஒசரம், முழுக்க மண்ணு. 1950-ல இருந்து 57 வரைக்கும் டெக்சாஸ்ல மழை பொய்ச்சு சனம் தவிச்சுப் போச்சு. அப்ப மாட்டுக்குத் தண்ணி வேணும்னு எவனோ ஒரு சம்சாரி வெட்டித் தள்ளின கரையா இருக்கும். அவன் தேவைக்குக் கட்டினான், நீ வேடிக்கைக்கு வாங்கினே. கட்டினவனுக்குக் கரை மேல ஒரு கண்ணு இருந்திருக்கும். உன் கண்ணு எங்க இருக்கு? ட்ரோன்ல இருக்கு.

நான் கர்ணம் வேலை பாத்தவன். 1980-ல அந்த உத்தியோகமே ஒழிஞ்சுது. உத்தியோகம் போச்சு, பழக்கம் போகல. எந்தக் கம்மாயைக் கண்டாலும் என் கண்ணு தண்ணிக்குப் போகாது. மொதல்ல கலுங்குக்குப் போகும். அப்புறம் மடைக்கு. அப்புறம் கரைக்கு வெளிப்பக்கம், அடிவாரத்துக்கு. அடிவாரம் ஈரமா, காய்ஞ்சிருக்கா? அதைச் சொல்லு, கம்மா கதையை நான் சொல்லுதேன்.

மண்ணுக் கரை எப்படிச் சாகும்னு தெரியுமா? பெரும்பாலும் மூணு வழிதான். தண்ணி தலைக்கு மேல ஏறி வழிஞ்சு சாகும். உள்ளுக்குள்ள துளை விழுந்து சாகும். அடிமண்ணு சரியில்லாம எறங்கிச் சாகும். காங்கிரீட்டுன்னா மேல வழிஞ்சாலும் கொஞ்ச நேரம் மூச்சைப் புடிச்சிட்டு நிக்கும். மண்ணு நிக்காது. வழியுற தண்ணி வெளிச்சரிவை அரிக்கும். அரிச்ச எடம் பள்ளமாகும். பள்ளத்துக்கு இன்னும் தண்ணி ஓடி வரும். அப்புறம் நீ கையெடுத்துக் கும்புட்டாலும் நிக்காது.

துளை விழுறது இன்னும் கள்ளத்தனம். எல்லா மண்ணுக் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதுக்குப் பயப்படாதே. கசியுற தண்ணி எம்புட்டுன்னு கேக்குறதுக்கு முன்ன, என்ன நெறம்னு கேளு. தெளிஞ்சு வந்தா கவனிச்சுக்கிட்டே இரு. கலங்கி வந்தா உன் கரை மண்ணுதான்லே கரைஞ்சு வருது. அப்ப நாற்காலியை மடக்கிட்டு போனை எடு.

இன்னொண்ணு. கரைக்குள்ள ஒரு தகரக் குழாய் போகும், நெளிநெளியா. பழைய கரைகள்ல மடைக்குப் பதில் அதைத்தான் பொதைச்சிருப்பான். ஒரு தலைமுறை போனா துரு தின்னுரும். ஓட்டை விழுந்தா சுத்தி இருக்க மண்ணு குழாய்க்குள்ள எறங்கும். கரை மேல சின்னதா ஒரு குழி தெரியும். நீ என்ன செய்வே? நல்ல குழியா இருக்குன்னு அதுல ரோஜாச்செடி நடுவே.

கரிசலைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? கோடையில வெடிக்கும், கை நுழையும். மழையில ஊதும். நெலத்துல வெடிச்சா பருத்திக்கு நல்லது. கரையில வெடிச்சா யாருக்கு நல்லது? மொத மழைத் தண்ணி அந்த வெடிப்பு வழியாத்தான் கரைக்குள்ள குடி போகும். ஊறின கரிசல் சரிவுல நிக்காது, வழுக்கிட்டு எறங்கிரும்.

அப்புறம் கரை மேல நிக்குதே அந்த மெஸ்கீட் மரம். அதுல சீரியல் பல்பு வேற மாட்டியிருக்கே. அது யாருன்னு நெனைச்சே? நம்மூரு சீமைக்கருவேலத்துக்குப் பங்காளிலே! நாங்க இங்க ஹைகோர்ட்டு வரைக்கும் போயி அந்தச் சனியனைப் புடுங்கிட்டு இருக்கோம். நீ அங்க அதுக்கு வெளக்கு ஏத்துதே. மரத்து வேரு கரைக்குள்ள போகும். மரம் செத்தா வேரு மக்கும். மக்கின வேரு இருந்த எடம் தண்ணிக்குத் தெரு. காத்துல சாஞ்சாலோ, போகும்போது கரையில ஒரு பெரிய துண்டையும் பேத்துக்கிட்டுத்தான் போகும்.

காட்டுப்பன்னி வரும், கிளறும். எலி வரும், வளை போடும். அதுக போடுற வளையைப் பாத்து நீ பதறலாம், அதுக மேல பழியைப் போட்டுட்டுத் தூங்கப் போகாதே. மகாராஷ்டிரத்துல ரத்னகிரிப் பக்கம் திவரேன்னு ஒரு மண்ணணை. 2019 ஜூலை 2-ஆம் தேதி ராத்திரி உடைஞ்சு இருபது பேரளவுல செத்தாங்க. கரை கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாலயே சொல்லியிருந்தாங்க. உடைஞ்ச பொறவு அமைச்சர் தானாஜி சாவந்த் என்ன காரணம் கண்டுபுடிச்சாரு தெரியுமா? நண்டு! நண்டு தோண்டிருச்சாம். எதிர்க்கட்சிக்காரங்க நண்டைப் புடிச்சிட்டு வந்து போராட்டம் நடத்தினாங்க. ஏலே, நண்டு தோண்டும், நான் இல்லைங்கல. அது அதோட பொழப்பு. போயிப் பாத்து அடைக்கிறது யாரு பொழப்பு? அதைத்தான் கேக்கேன்.

இப்ப கலுங்குக்கு வா. கம்மா நெறைஞ்சா மிச்சத் தண்ணி கரையைத் தொடாம மறுகால் போகணும். அதுக்குத்தான் கலுங்கு. கரை உசுரு அதுலதான் இருக்கு. நீ அங்க என்ன வேலை பாத்திருக்கே? பாஸ் மீன் குஞ்சு வாங்கி விட்டியாம். அது மறுகால்ல தப்பிச்சிரும்னு கலுங்குக்குக் குறுக்க கம்பி வலை கட்டியிருக்கே. படகு தரை தட்டுதுன்னு ரெண்டு வரிசை மணல்மூட்டை வேற அடுக்கித் தண்ணியை ஒசத்தியிருக்கே. மீனைக் காப்பாத்திட்டே. கீழ்வீட்டுக்காரனை?

மீனுக்காகக் கலுங்கை மறிச்ச மொத ஆளு நீன்னு நெனைச்சுக்கிடாதே. உன்னை விடப் பெரிய தொப்பிக்காரனெல்லாம் மறிச்சிருக்கான். பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க் அணை. அதுவும் மண்ணுதான். கால்வாய்க்காக மாநிலம் கட்டினது, பொறவு தனியாருக்குப் போச்சு. நடுவுல வாங்கின ஒருத்தன் அடியில இருந்த வடிகால் குழாயைப் புடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். அதுக்கப்புறம் பணக்காரங்க சேந்து மீன்புடி, வேட்டைக் கிளப்புன்னு வாங்கினாங்க. ஆண்ட்ரூ கார்னகி அதுல உறுப்பினர். ஹென்றி ஃப்ரிக் அதுல உறுப்பினர். குதிரை வண்டி போகத் தோதா கரையோட தலையைச் செதுக்கி எறக்கினாங்க. காசு குடுத்து வாங்கி விட்ட மீனு போயிரக் கூடாதுன்னு கலுங்குல வலை கட்டினாங்க. 1889 மே 31, நல்ல மழை. குப்பையும் கட்டையும் வந்து வலையில அடைச்சுது. கரைக்கு மேல தண்ணி ஏறிச்சு. கீழ ஜான்ஸ்டவுன். 2,209 பேரு செத்தாங்க. கோர்ட்டுல ஒருத்தன் மேலயும் குத்தம் நிக்கல, கடவுள் செயல்னு முடிச்சாச்சு. கார்னகி அந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் குடுத்தாரு. அந்தக் கட்டடம் இன்னிக்கு வெள்ளத்துக்கு மியூசியம். வலைக்கு ஆன செலவை விட நூலகத்துக்குக் கூடத்தான் ஆயிருக்கும்.

பழங்கதைங்காதே. 2006 மார்ச் 14-க்கு வா. ஹவாயில காவாய் தீவு. கா லோக்கோன்னு ஒரு மண்ணணை. 1890-ல கரும்புக்குப் பாய்ச்சக் கட்டினது. தனியாருக்குச் சொந்தம், உன்னுது மாதிரியே. அதுல கலுங்கு இருந்த எடத்தையே மண்ணைப் போட்டு மூடியாச்சு. வாரக்கணக்கா மழை. விடியக்காலம் கரை பிச்சுக்கிச்சு, ஏழு பேரு போயிட்டாங்க. அரசாங்கத்து ஏட்டுல அந்த அணைக்கு என்ன பேரு தெரியுமா? 'ஆபத்து கொறைவு'. பாக்க ஆளே போகல. உடைஞ்ச பொறவு கேஸ் நடந்து, 2014-ல சொந்தக்காரருக்கு ஏழு மாசம் ஜெயில். தலைக்கு ஒரு மாசம்னு கணக்குப் போட்டுக்கோ. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதும்பாங்க. ஏட்டு 'ஆபத்து கொறைவு' எதுக்கு ஆகும்?

"உங்க ஊருல இதையெல்லாம் கேக்க ஆபீசு இருக்கா?"ன்னு உன்கிட்ட கேட்டதுக்கு, நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னே: "எனக்கு விலக்கு இருக்கு தாத்தா!" கலெக்டரு கையால மெடல் வாங்கினவன் கூட இம்புட்டுப் பெருமையாச் சொல்ல மாட்டான். சரி, அந்த விலக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்.

டெக்சாஸ்ல பதிவுல உள்ள அணையே ஏழாயிரத்துக்கு மேல. அமெரிக்காவுலயே அங்கதான் அதிகம். பாதிக்கு மேல தனியாருக்குச் சொந்தம். டெக்சாஸ் சுற்றுச்சூழல் தர ஆணையம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பாத்துக்கணும். அவங்க அணைக்குத் தரம் பிரிக்கிற விதத்தைக் கேளு. கரை நல்லா இருக்கா, நைஞ்சு போயிருக்கான்னு பாத்து இந்தத் தரம் போடுறதில்ல. உடைஞ்சா கீழ எத்தனை தலை உருளும்னு எண்ணிப் போடுதாங்க. ஒரு தலையும் இல்லைன்னா ஆபத்து கொறைவு. ஒண்ணுல இருந்து ஆறு தலை, இல்லை ஒண்ணு ரெண்டு வீடுன்னா நடுத்தரம். ஏழு தலை, இல்லை மூணு வீடுன்னா ஆபத்து அதிகம்.

கணக்கு தப்புங்கல. கீழ இருக்கவனை எண்ணிப் பாக்குறது நல்ல புத்திதான். அதுக்கப்புறம் செஞ்சாங்க பாரு, அதுதான் கூத்து. 2013-ல ஒரு சட்டம். தனியார் நெலத்துல இருக்கணும். 500 ஏக்கர்-அடிக்குக் கீழ தண்ணி புடிக்கணும் (ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஒசரம் நிக்கிற தண்ணிதான் ஒரு ஏக்கர்-அடி). நகராட்சி எல்லைக்கு வெளிய இருக்கணும். கவுண்டியில மூணரை லட்சம் சனத்துக்குக் கீழ இருக்கணும். தரம் கொறைவா நடுத்தரமா இருக்கணும். இதெல்லாம் பொருந்தினா அந்த அணைக்கு விலக்கு. மூவாயிரத்துக்கும் மேல அணை அப்படி வெளிய போச்சு.

'நடுத்தரம்'னா என்னன்னு இப்பத்தான சொன்னேன்? ஆறு தலை வரைக்கும் விலக்குக்குள்ள அடக்கம். ஏழாவது தலை வந்தாத்தான் சர்க்காருக்குக் கவலை. கீழ இருக்க வீட்டுல ஆறு பேரு இருந்தா நீ சுதந்திரப் பறவை. ஏழாவதா அவங்க மாமியா ஊருல இருந்து வந்து எறங்கிட்டா? விசா முடியுற வரைக்கும் உன் அணை ஆபத்தானதா?

கவுண்டி கணக்கு அதுக்கு மேல. உன் ஃபேனின்ல முப்பத்தஞ்சாயிரம் சனந்தான். ஒட்டி இருக்க கொலின் கவுண்டியில பத்து லட்சத்துக்கு மேல. அதே மண்ணு, அதே ஒசரம், அதே துருப்புடிச்ச குழாய். வேலிக்கு அங்கிட்டு இருந்தா சட்டம் கேக்கும், இங்கிட்டு இருந்தா கேக்காது. எங்க ஊருல ஒரு பய வயக்காட்டுல தண்ணி பாய்ச்சும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் இவன் பட்டா இல்லைன்னு எந்தத் தண்ணியும் திரும்பி வந்ததில்லலே. உங்க ஊருத் தண்ணி சனத்தொகை கணக்கெல்லாம் படிக்குமோ?

இன்னொண்ணு சொல்லுதேன், உனக்குக் கசக்கும். அந்தச் சட்டத்தை நீ முழுக்கப் படிக்கல. பராமரிக்கிறதுலயும் ஒழுங்கா நடத்துறதுலயும் உனக்கு விலக்கு கெடையாது. மத்ததுலதான் விலக்கு. வாத்தியாரு பரிச்சை வைக்க மாட்டேன்னுதான் சொன்னாரு. படிக்க வேண்டாம்னு சொன்னாரா?

பே ஏரியாவுல இருக்க உன் மச்சான்கிட்ட இந்த விலக்குப் பேச்சைப் பேசிப் பாரு, சிரிப்பான். கலிபோர்னியாவுல 25 அடி ஒசரத்தை எட்டி 15 ஏக்கர்-அடிக்கு மேல புடிச்சாலோ, ஆறடி தாண்டி 50 ஏக்கர்-அடி புடிச்சாலோ மாநிலத்து ஆளு வந்து நிப்பான். வருசா வருசம் கட்டணம் வேற. அந்த ஊருக்காரனுக்கு மட்டும் ஞானம் பொறப்புலயே வந்துச்சா? 1928-ல செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைஞ்சு 400 பேருக்கு மேல செத்தாங்க, 1929-ல சட்டம் வந்துச்சு. 1963-ல லாஸ் ஏஞ்சலஸ்ல பால்ட்வின் ஹில்ஸ் கரை உடைஞ்சுது, சட்டத்துல இருந்த ஓட்டையை அடைச்சாங்க. நியூ ஜெர்சியிலயும் கேட்டுப் பாரு. 2004 ஜூலையில பர்லிங்டன் கவுண்டியில ஒரே மழையில 21 அணை உடைஞ்சுது. எல்லாம் சின்னச் சின்ன ஏரி. பெரிய அணைக்கு எல்லாரும் பயப்படுதான். ஆண்டர்சன் அணைன்னு மோர்கன் ஹில் பக்கம் இருக்கு, 1950-ல போட்ட மண்ணணை. பூகம்பம் வந்தா தாங்காதுன்னு 2020-ல தண்ணியை எறக்கச் சொல்லி உத்தரவே வந்துச்சு. உன் கம்மாயை எறக்கச் சொல்ல யாரு வருவா? மெஸ்கீட் மரத்துக் காக்காய் வரும்.

"நம்ம நாட்டுல மட்டும் என்ன வாழுது தாத்தா?"ன்னு கேப்பே. கேளு. தமிழ்நாட்டுல 39,000-க்கு மேல ஏரி, கம்மா இருக்கு. 2021-ல டெல்லியில அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. அது 15 மீட்டருக்கு மேல உள்ளதுக்கு. 10-ல இருந்து 15 வரைக்கும் சில நிபந்தனை. அதுக்குக் கீழ? எங்க கம்மாயும் உன் கம்மாயும் ஒரே சாதி. இந்த விஷயத்துல நாம ரெண்டு பேரும் சம்பந்தி.

ஒரு காலத்துல அப்படி இல்லலே. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஊர்ச்சபையில ஏரிக்குன்னே ஒரு வாரியம். குடத்துல ஓலை போட்டு ஆளு எடுப்பாங்க. முன்னால வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. பாத்தியா? ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்ன மச்சானையும் சேத்து ஒதுக்கி வச்சிருக்கான்! கம்மாயைப் பாத்துக்குறதுக்கு இன்ஜினியர் கணக்கு மட்டும் பத்தாது, ஆளு கணக்கும் தெரியணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்காக 'அந்தக் காலத்துல குடிமராமத்து, எல்லாரும் பாட்டுப் பாடிட்டே மண்ணு சுமந்தாங்க'ன்னு தமிழ்ச் சங்க மேடையில பேசிராதே. 1858-லயே கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டுத்தான் மதராஸ் சர்க்கார் ஆளைக் கூப்புட்டுச்சு. மனுசன் எப்பவும் மனுசன்தான். தன் வயலுக்குத் தண்ணி வாரப்ப கரைக்கு ஓடுவான், மத்தவன் வயலுன்னா கொட்டாவி விடுவான். அது தெரிஞ்சுதான் முறை வச்சாங்க. மழைக்கு முன்ன யாரு கரையேறணும், ராத்திரி யாரு காவல், மடையை யாரு தொறக்கணும், எல்லாத்துக்கும் ஆளு. மதுராந்தகத்துல மட்டும் ராமரே வந்து ஏரியைக் காத்தாருங்காங்க. 1790-கள்ல கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ் துரையே அதைப் பாத்தாருன்னு கதை. அந்தத் துரையும் மழை ராத்திரியில கரைக்குப் போனாருலே. வீட்டுல உக்காந்து போன்ல பாத்திருந்தா ராமரும் வந்திருக்க மாட்டாரு.

கோர்ட்டுக்குப் போனாப் பாத்துக்கலாம்னு வக்கீல் நண்பன் சொன்னானாம். அதுவும் எனக்குத் தெரிஞ்ச கதைதான். நம்ம மதராஸ் ராஜதானியில கார்வேட்நகர் ஜமீன். ஜமீன் ஏரி உடைஞ்சு ரயில் கம்பெனிக்காரன் பாதை போச்சு. கம்பெனி கேஸ் போட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1874-ல தீர்ப்பு: ஏரி இந்த நாட்டுப் பாசனத்துக்கு அவசியம், ஜமீந்தார் அதை ஒழிக்க முடியாது, காப்பாத்தத்தான் கடமைப்பட்டவரு. அவரு அசட்டையா இருந்தாருன்னு நிரூபிச்சாத்தான் நஷ்டஈடு. 1936-ல உங்க டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு எண்ணெய்க் கம்பெனி வழக்குல அந்த வழிக்கே வந்துச்சு. வறண்ட பூமியில தண்ணி தேக்குறது இயற்கைதான், தேக்கின ஒரே காரணத்துக்காகக் குத்தவாளி ஆக்க முடியாதுன்னுச்சு. வறண்ட பூமி எங்க இருந்தாலும் நியாயம் ஒரே மாதிரி ஓடுது பாரு.

சந்தோசமா? பொறு. அசட்டை இல்லைன்னாத்தான் தப்பிப்பே. கலுங்குல வலை கட்டினவனுக்கும், மணல்மூட்டை வச்சு ஒசத்தினவனுக்கும், அதையெல்லாம் ட்ரோன்ல படம் புடிச்சு ஊருக்கே அனுப்பி வச்சவனுக்கும் என்ன பேருலே? எதிர்க்கட்சி வக்கீலுக்குச் சாட்சி தேடுற வேலையே மிச்சம்!

இன்னொரு பக்கமும் பாரு. நீ கரைக்கு மேல இருக்கே. உன் கூட்டாளி எவனோ கரைக்குக் கீழ இருக்கான். புதுசு புதுசா காலனி போடுதானே வடக்க, நாலு பெட்ரூம், கிரானைட் மேடை. வீடு வாங்கும்போது பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேக்கான். கிழக்குப் பாத்த வாசலான்னு கேக்கான். மேல என்ன கம்மா இருக்குன்னு எவனாவது கேக்கானா? ஐம்பது அறுபது வருசத்துக்கு முன்ன பருத்திக்காட்டுக்கு மேல போட்ட கரை. அப்ப கீழ ஒரு தலை கெடையாது. இப்ப நூறு வீடு. கரை நகரவே இல்ல, ஆபத்து மட்டும் ஏறிக்கிச்சு. ராணுவப் பொறியாளர் படை நாட்டுல உள்ள தொண்ணூறாயிரத்துக்கு மேல அணைகளை வரிசையா எழுதி யாரும் பாக்குற மாதிரி வச்சிருக்கான். வாஸ்து பாக்குற நேரத்துல பாதி போதும், அதைப் பாத்துரலாம்.

உன் கம்மா 60 ஏக்கர்-அடின்னே. கணக்குப் போட்டேன். ஏழு கோடி லிட்டருக்கு மேல. மெட்ராஸ்ல ஓடுற தண்ணி லாரி ஆறாயிரம். அம்புட்டும் ஒரே நேரத்துல பிரேக் இல்லாம எறங்குது, கீழ ஒரு வீடு. அந்த வீட்டுக்காரன் பேரு உனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா உன் பாஸ் மீனுக்குப் பேரு வச்சிருக்கே.

சரி, கேலி போதும். காதைக் குடு.

மொதல்ல கலுங்கைத் தொற. வலை, மூட்டை, கட்டை, குப்பை, எல்லாத்தையும் எடு. ஆனா மூட்டையை ஒரே நாள்ல தூக்கி எறிஞ்சிராதே. கொஞ்சம் கொஞ்சமா எறக்கு. வேகமா எறக்கினா கரையோட உட்சரிவு ஊறின பாரத்துல சரிஞ்சிரும். அவசரத்துல நல்லது செய்யப் போனாலும் கேடுதான்.

ரெண்டாவது, கரையில நட. மழைக்கு முன்ன ஒரு தடவை, பொறவு ஒரு தடவை. மேல நடந்தா போதாது, வெளிப்பக்கம் அடிவாரத்துல நட. எங்க புல்லு கோடையிலயும் பச்சையா இருக்கு? அங்க கசிவு. எங்க குழி? எங்க வளை? எங்க வெடிப்பு? குறிச்சு வை. அடுத்த தடவை போகும்போது கூடியிருக்கான்னு பாரு. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கம்பு. ஆப்பு எதுவும் வேண்டாம்.

மூணாவது, செடியா இருக்கும்போதே வெட்டு. பெரிய மரத்தை நீயா புடுங்காதே. வேரோட வந்தா வேரு இருந்த குழிதான் அடுத்த வினை. அதுக்குத் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூப்புடு. காசு ஆகும்தான். மேடைக்கு ஆன காசை விடக் கம்மியாத்தான் ஆகும்.

நாலாவது, கீழ இருக்கவன் வீட்டுக்குப் போ. முறுக்கு கொண்டு போ. நம்பர் வாங்கு. "மேல ஒரு கம்மா இருக்கு, நான்தான் சொந்தக்காரன், கரை சரியில்லைன்னா ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்புடுவேன்"னு சொல்லு. பயந்துருவான்னு யோசிக்காதே. ஆறாவது தலைக்கும் ஏழாவது தலைக்கும் வித்தியாசம் சட்டத்துக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது, ஏன்னா அந்த ஆறுல ஒண்ணு அவன் புள்ள.

அம்புட்டுத்தான். கலுங்கு வலையை எப்ப எடுக்கப் போறே? அடுத்த சனிக்கிழமையா? நல்லது. மழைக்கும் ஒரு காலண்டர் இன்வைட் அனுப்பி வை. சனிக்கிழமைக்கு முன்ன வராதேன்னு சொல்லிப் பாரு. ஒத்துக்கிட்டா எனக்குப் போன் போடு, நானும் தொப்பி வாங்கிக்கிடுதேன்.